பீரோவில் தூங்கும் வெள்ளி ரூபாய்

சென்ற இதழில் வெள்ளிச் சாமான் துலக்குவது பற்றி எழுதினேன் அல்லவா? வந்த கடிதங்களில் பாதிப் பேர் பாத்திரத்தை விட்டுவிட்டுக் காசைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். "பாட்டி கொடுத்த ராணிக் காசு எட்டு இருக்கிறது, என்ன விலை போகும்?" "மாமியார் பூஜையில் வைத்திருந்த ராஜா தலை ரூபாயை உருக்கிக் குழந்தைக்குக் கொலுசு பண்ணலாமா?" என்று. ஒருவர் ஒரு படி மேலே போய், "லட்ச ரூபாய் கிடைக்கும் என்கிறார்களே, நிஜமா?" என்றும் கேட்டுவிட்டார். ஆகவே இந்தத் தடவை நாணயக் கதை.

முதலில் ஒரு வேலை. இருக்கிற காசையெல்லாம் ஒரு துணியில் கொட்டி, ஆண்டு பார்த்துப் பிரியுங்கள். அதற்கு முன்னால் புளியும் விபூதியும் கையில் எடுக்காதீர்கள், ஆமாம்! பாத்திரத்துக்குச் சொன்னதெல்லாம் காசுக்கு ஆகாது. பழங்காசு சேகரிப்பவர்களுக்கு அந்த மங்கலான கறுப்புதான் பிடிக்கும். பளபளவென்று தேய்த்த காசைப் பார்த்தால் முகத்தைச் சுளிப்பார்கள். பல்பொடி போட்டுத் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்துவிடும், பாதி விலை அங்கேயே போய்விடும். மஞ்சள் குங்குமம் அப்பியிருந்தால் வெறும் தண்ணீரில் அலசி, மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள், போதும்.

இனி வெள்ளிக் கணக்கு. 1835-ல் கிழக்கிந்தியக் கம்பெனி ஊருக்கு ஊர் இருந்த பலவித ரூபாயை மாற்றி ஒரே மாதிரி ரூபாய் அடித்தது. எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. நாம் 916 தங்கம் என்கிறோமே, கிட்டத்தட்ட அதே சுத்தம்தான் அந்த வெள்ளிக்கும். ஒரு ரூபாயில் 10.69 கிராம் சுத்த வெள்ளி இருக்கும். விக்டோரியா ராணி, ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் காலம் முழுக்க இதே கணக்கு. ஆறாம் ஜார்ஜின் 1938, 1939 ரூபாய் வரை இது மாறவில்லை. எட்வர்டு ரூபாயில் ராஜாவுக்குக் கிரீடம் இல்லை, வெறுந்தலை. அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

1940-ல்தான் திருப்பம். யுத்தச் செலவு, வெள்ளித் தட்டுப்பாடு. காசு அதே அளவு, அதே எடை, ராஜா தலையும் அதே. ஆனால் உள்ளே வெள்ளி பாதிதான், மீதி தாமிரம், நிக்கல், துத்தநாகம். 1945 வரை அடித்ததெல்லாம் இந்த ரகம். 5.83 கிராம் வெள்ளிதான் தேறும். 1947 ரூபாயில் பின்புறம் புலி இருக்கும், அது முழுக்க நிக்கல், வெள்ளியே கிடையாது.

இதை ஏன் இவ்வளவு நீட்டி முழக்குகிறேன் என்றால், எங்கள் தெருவில் ஒரு வீட்டில் நடந்ததைப் பாருங்கள். பாட்டி காலமான பிறகு முப்பது ரூபாய்க் காசு இருந்தது. மூன்று பேத்திகள். ஆளுக்குப் பத்து என்று எண்ணிக் கொடுத்துவிட்டார்கள். கடைசிப் பெண்ணுக்குக் கைக்குழந்தை, கொலுசு செய்யலாம் என்று கடைக்கு எடுத்துப் போனாள். கடைக்காரர் பார்த்துவிட்டு, "எல்லாம் பாதி வெள்ளிம்மா" என்றிருக்கிறார். அவள் பங்கில் எட்டு காசு 1940-க்குப் பிறகு வந்தவை, அதுவரை சரி. மீதி இரண்டு 1919! அதையும் சேர்த்துப் பாதி வெள்ளி என்று சொல்லிவிட்டார். அவள் நல்ல வேளையாக, "வீட்டில் கேட்டுட்டு வரேன்" என்று திரும்பி வந்தாள். "அக்கா, இது நியாயமா?" என்று என் முன்னால் கொட்டினாள். எண்ணிக்கை சமமாக இருந்தது, பங்கு சமமாக இல்லை. பத்து பழைய ரூபாய் என்றால் சுமார் 107 கிராம் வெள்ளி, பத்து யுத்த கால ரூபாய் என்றால் 58 கிராம். அக்காமார்களுக்கு இது தெரிந்து கொடுத்ததில்லை, எனக்கு அந்தச் சந்தேகமே இல்லை. சொன்னதும் பெரியவள் தன் பங்கில் இருந்து இரண்டு விக்டோரியாவைக் கொடுத்துவிட்டாள். ஆனால் எல்லா வீட்டிலும் இப்படி முடியும் என்று சொல்ல முடியுமா? சொத்துப் பிரிக்கிற வீட்டில் காசை எண்ணிப் பிரிக்காதீர்கள், ஆண்டு பார்த்துப் பிரியுங்கள்.

அதுவும் வெள்ளி மதிப்பு மட்டும்தான். சேகரிப்பவர்கள் கொடுக்கிற விலை வேறு. பழசு என்றால் விலை ஜாஸ்தி என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. எத்தனை காசு மிஞ்சியிருக்கிறது, எவ்வளவு தேயாமல் இருக்கிறது என்பதுதான் கணக்கு. 1862 விக்டோரியா ரூபாய் நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் பழசு. ஆனால் அந்த ஆண்டைப் போட்டே 1874 வரை அடித்துத் தள்ளினார்கள், ஆகவே ஏராளமாகக் கிடைக்கிறது. 1918, 1919 ரூபாயும் அப்படித்தான், கோடிக்கணக்கில் அடித்தார்கள். முதல் உலக யுத்தத்தில் இங்கே வெள்ளி போதாமல், 1918-ல் அமெரிக்கா பிட்மன் சட்டம் என்று ஒன்று போட்டு, தன் வெள்ளி டாலர்களை 25 கோடிக்கு மேல் உருக்கி வெள்ளியை விற்றது. உங்கள் பாட்டி முந்தானையில் முடிந்து வைத்திருந்த ரூபாய் ஒரு காலத்தில் அமெரிக்காவில் டாலராக இருந்திருக்கலாம்!

தேடிப் பார்க்க வேண்டியது 1911. ஐந்தாம் ஜார்ஜ் பட்டத்துக்கு வந்து அடித்த முதல் ரூபாய். ராஜாவின் அங்கி மேலே பதக்கச் சங்கிலியில் ஒரு குட்டி யானை. தும்பிக்கை குட்டையாக விழுந்ததால் ஜனங்களுக்கு அது பன்றி மாதிரி தெரிந்தது. முகமதியர், இந்துக்கள் எல்லாரும் ஆட்சேபித்தார்கள். அடித்ததில் பெரும்பகுதியை வெளியே விடாமல் உருக்கிவிட்டு, 1912-ல் யானையைத் திருத்தமாக வரைந்து வெளியிட்டார்கள். ஆகவே 1911 கிடைத்தால் வெள்ளி விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள். அதைவிட அபூர்வம் 1939. அபூர்வம் என்பதாலேயே அதில் போலியும் அதிகம். உங்களிடம் இருந்தால் தெரிந்தவரிடம் காட்டாமல் துள்ளிக் குதிக்க வேண்டாம்.

காசுமாலைக்காக ஓட்டை போட்டது, வளையம் பற்றவைத்தது இவற்றை சேகரிப்பவர் தொடமாட்டார். வெள்ளி விலைதான். அவற்றைத் தாராளமாகக் கொலுசுக்குக் கொடுக்கலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை.

சுதந்திரத்துக்குப் பின் வந்ததில் ஏமாற்றம் தருவது 1964 நேரு ரூபாய். பல வீடுகளில் வெள்ளி என்று பட்டுத்துணியில் சுற்றி வைத்திருக்கிறார்கள். அது நிக்கல். ஃபிரிட்ஜில் ஒட்டுகிற காந்தத்தைக் கொண்டு போய்க் காட்டுங்கள், ஒட்டிக்கொள்ளும். வெள்ளி காந்தத்தில் ஒட்டாது. ஒட்டாததெல்லாம் வெள்ளி என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது, பித்தளையும் ஒட்டாது! 1969-ல் காந்தி நூற்றாண்டுக்கு வந்த பத்து ரூபாய் நாணயம் நிஜ வெள்ளி. 15 கிராம், நூற்றுக்கு எண்பது பங்கு.

இனி அந்த லட்ச ரூபாய் விஷயம். போனில் வருகிற விளம்பரத்தில் காசின் படத்தைப் போட்டு, "உங்களிடம் இருக்கிறதா?" என்று கேட்கிறார்கள். படம் அனுப்பினால், "உங்கள் காசுக்கு இத்தனை லட்சம், முதலில் வரியும் கமிஷனும் கட்டுங்கள்" என்பார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரையே சொல்லி இப்படிப் பணம் பறிப்பதாக அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரிக்கை வெளியிட்டது. பழைய காசு வாங்கி விற்கிற தொழிலில் தான் இல்லை, யாருக்கும் அந்த அதிகாரம் கொடுக்கவும் இல்லை என்று சொல்லிவிட்டது. காசு வாங்குகிறவர்தானே நமக்குப் பணம் கொடுக்க வேண்டும்? நம்மிடம் கேட்டால் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள். 1818 என்று போட்டு ராமர் பட்டாபிஷேகமோ அனுமாரோ இருக்கிற கம்பெனிக் காசு, அரிசியை இழுக்கும் என்று ஒரு கதை. கம்பெனி அப்படி ஒரு காசு அடிக்கவே இல்லை. அதை நம்பி நகையை அடகு வைத்த குடும்பங்கள் உண்டு.

விற்கத்தான் வேண்டுமென்றால் காசை எடுத்துப் போகாமல், முதலில் ஒரு பட்டியலை எடுத்துப் போங்கள். ராஜா யார், ஆண்டு என்ன, எடை எத்தனை, ஓட்டை உண்டா. எடையைப் பக்கத்து வெள்ளிப் பட்டறையிலேயே போட்டுத் தருவார்கள். நாணயக் கண்காட்சி நடக்கிற ஊரில் இரண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்கள். அன்றைய வெள்ளி விலையைப் பேப்பரில் பார்த்துக்கொண்டு போனால், எங்கே இறங்கக் கூடாது என்பது தெரியும். சென்னைக்கு வந்தால் எழும்பூர் மியூசியத்தில் நாணயப் பகுதி இருக்கிறது, குழந்தைகளையும் கூட்டிப் போங்கள்.

அமெரிக்காவில் இருக்கிற பெண்ணுக்கு, "பாட்டி ஞாபகமா இருக்கட்டும்" என்று பெட்டியில் போட்டு அனுப்புகிற அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட நாணயம் 1972-ம் வருஷத்துச் சட்டப்படி தொல்பொருள். நாட்டை விட்டு வெளியே கொண்டு போகக் கூடாது. விக்டோரியா, எட்வர்டு எல்லாம் அதில் வந்துவிடும். தோட்டம் வெட்டும்போது புதையலாகக் கிடைத்தால் அதற்கு 1878 முதல் தனிச் சட்டம் உண்டு, கலெக்டருக்குத் தெரிவித்துவிட வேண்டும்.

எடுத்து வைப்பது எப்படி என்று கேட்ட சகோதரிக்கு: ஒவ்வொரு காசையும் தனித்தனிக் காகித உறையில் போட்டு, உறை மேல் ஆண்டை எழுதுங்கள். ரப்பர் பேண்டு போடவே கூடாது, அதில் இருக்கிற கந்தகம் வெள்ளியைக் கறுக்க அடிக்கும். வழவழவென்ற பிளாஸ்டிக் கவரும் வேண்டாம், நாளாவட்டத்தில் பச்சையாகப் பிசுபிசுக்கும். கலசத்தில் போட வேறு காசு வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடைசிப் பெண் ஓட்டை போட்ட இரண்டை மட்டும் கொடுத்து, மேலே பணம் போட்டுக் கொலுசு வாங்கிவிட்டாள். மற்றவை உறைக்குள் போய்விட்டன.