இடம் கிடைத்த பிறகு

நம் தமிழ் நாளேடுகளில் ஆண்டு தவறாமல் வரும் தொடர்கதை ஒன்று உண்டு. முதலில் எஸ்.பி.எம். முடிவு. கையில் முடிவுத்தாளும் பக்கத்தில் அப்பா அம்மாவுமாக மாணவர்கள் சிரிக்கும் படங்கள். சில வாரம் கழித்து அதே மாணவர்களில் ஒருவருக்கு மெட்ரிகுலேஷன் இடம் கிடைக்கவில்லை என்ற செய்தி. அடுத்து ஒரு தலைவரின் கண்டன அறிக்கை. அதற்கடுத்து இன்னொரு தலைவரின் 'அமைச்சரிடம் பேசியிருக்கிறேன், கவலை வேண்டாம்' அறிக்கை. பிறகு எஸ்.டி.பி.எம்., பல்கலைக்கழக இடங்கள் என்று இதே வரிசை இன்னொரு முறை ஓடும். பல்கலைக்கழகம் திறந்ததும் எல்லாரும் ஓய்ந்துவிடுவார்கள். நான் படிவம் மூன்றில் படிக்கத் தொடங்கிய கதை இது. இப்போது பட்டம் வாங்கி வேலைக்குப் போய் ஐந்து வருஷம் ஆகிறது. ஒரு வரிகூட மாறவில்லை.

இந்தக் கோபத்தை நான் கிண்டல் செய்யவில்லை. மெட்ரிகுலேஷனில் 90:10 ஒதுக்கீடு இருக்கிறது. 2019 ஏப்ரலில் மொத்த இடத்தை 25,000-இலிருந்து 40,000 ஆக்கியபோதும் அந்த விகிதத்தைத் தொடவில்லை. 2024 ஜூன் கடைசியில்தான், பத்து ஏ-வும் அதற்கு மேலும் எடுத்தவர்களுக்கு இனம் பாராமல் இடம் என்று பிரதமர் அறிவித்தார். ஒன்பது ஏ எடுத்த பிள்ளை பழையபடி காத்திருக்க வேண்டியதுதான். இதற்காகச் சத்தம் போட்டே ஆக வேண்டும். போடுகிறவர்களுக்கு நன்றி.

என் சண்டை வேறு. இடம் கிடைப்பதையே ஊர் போய்ச் சேர்ந்ததாக நம் சமூகம் நினைத்துக்கொள்கிறது. எந்தப் பட்டம், அதை அங்கீகரிப்பது யார், நான்கு வருஷம் கழித்து அந்தத் தாள் எதற்குச் செல்லும், உள்ளே போன பிள்ளை என்னென்ன தேர்ந்தெடுக்கிறது? இதையெல்லாம் கட்சியும் கேட்பதில்லை, சங்கமும் கேட்பதில்லை, கோயில் கல்விக் குழுவும் கேட்பதில்லை. வேறு படிப்பில் இந்த அலட்சியம் ஓரளவு தாங்கும். பொறியியலில் தாங்காது. பட்டத்தின் பெயரில் ஒரு சொல் கூடினால் சட்டப்படி நீங்கள் வேறு ஆள்.

நான் தங்கியிருப்பது பிரிக்பீல்ட்ஸில், துன் சம்பந்தன் சாலைக்குப் பின்னால் ஒரு வாடகை அறை. கிள்ளானிலிருந்தும் சிரம்பானிலிருந்தும் கே.டி.எம். ஏறினால் நேரே கே.எல். சென்ட்ரல். அந்த வசதியால் சொந்தக்காரர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று யாராவது ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து சம்பளமில்லாத ஆலோசகர் வேலை பார்ப்பேன்.

போன வருஷம் கிள்ளானிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அப்பா துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். பல்கலைக்கழகக் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கொண்டுவந்திருந்தார். "இஞ்சினியரிங் கெடைச்சிருச்சும்மா. என்னென்ன சாமான் வாங்கணும், அத மட்டும் சொல்லு." கடிதத்தைப் படித்தேன். சர்ஜானா மூடா டெக்னோலோஜி கெஜுருதெராஆன் எலெக்ட்ரிக். பையனைக் கேட்டேன், டெக்னோலோஜி என்று போட்டிருக்கிறதே, தெரிந்துதான் போட்டாயா? "அதுவும் இஞ்சினியரிங்தானேக்கா. மார்க்கு கொஞ்சம் கம்மியா கேட்டாங்க, அதான் நாலாவதா போட்டேன்." யூ.பி.யூ. விண்ணப்பத்தில் நிரப்ப வேண்டிய பன்னிரண்டு தேர்வுகளை அவனும் அவன் நண்பனும் ஒரே இரவில் போன மாதிரி நிரப்பியிருக்கிறார்கள்.

அதுவும் இஞ்சினியரிங்தானா? இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும்.

மலேசியாவில் பொறியியலாளர் என்பது சட்டம் காக்கும் பெயர். 1967-ஆம் ஆண்டின் பொறியியலாளர் பதிவுச் சட்டப்படி மலேசியப் பொறியியலாளர் வாரியம் அதை வைத்திருக்கிறது. வாரியத்தின் அங்கீகார மன்றம் ஏற்றுக்கொண்ட பொறியியல் பட்டம் இருந்தால் பட்டதாரிப் பொறியியலாளராகப் பதிந்துகொள்ளலாம். குறைந்தது மூன்று வருஷ அனுபவம், பிறகு மதிப்பீட்டுத் தேர்வு, அதில் தேறினால் தொழில்முறைப் பொறியியலாளர், பெயருக்கு முன் 'இர்.'. அதற்கும் மேலே தொழில் புரியும் சான்றிதழ் என்று ஒரு படி இருக்கிறது. 2009-இல் மலேசியா வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினரானது. அதனால் இந்தப் பட்டத்தை ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் கல்வித் தகுதியாக எடுத்துக்கொள்வார்கள்.

பொறியியல் தொழில்நுட்பப் பட்டத்துக்குத் தண்டவாளமே வேறு. அதை அங்கீகரிக்கும் மன்றம் வேறு, உலக அளவில் அதற்கான உடன்படிக்கை சிட்னி உடன்படிக்கை, பதிவேடு வேறு. 2015-இல் வந்த சட்டப்படி தொழில்நுட்பவியலாளர்களுக்கென்று தனி வாரியமும் இருக்கிறது. மலாக்கா, ஜொகூர், பெர்லிஸ், பகாங் என்று நான்கு தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்கள் இந்த இரண்டு வகைப் பட்டங்களையும் தருகின்றன. ஒரே வளாகம், ஒரே பட்டமளிப்பு மண்டபம். சான்றிதழில் ஒரு சொல்தான் கூட இருக்கும். அந்தச் சொல்லிலிருந்து 'இர்.'-க்கு நேர் வழி கிடையாது.

என் அலுவலகத்தைச் சொன்னால் புரியும். கட்டடங்களுக்கு மின்சார, இயந்திர அமைப்புகளை வடிவமைக்கும் ஆலோசக நிறுவனம். பத்துப் பேர் வரைகிறோம், கணக்குப் போடுகிறோம், தளத்துக்குப் போய் வெயிலில் நிற்கிறோம். தீயணைப்புத் துறைக்கும் தெனாகாவுக்கும் போகிற வரைபடத்தில் கையெழுத்திடுவது ஒருவர். மற்றவர்கள் போட்டால் செல்லாது. பத்து வருஷம் கழித்து அந்தக் கையெழுத்தைப் போடும் ஆளாக வேண்டுமா, வேண்டாமா? இந்தக் கேள்வியைத்தான் அந்தப் பையன் மதிப்பெண் கம்மி என்று நான்காவதாகப் போட்டுவிட்டான். தனக்கு முன்னால் ஒரு கேள்வி இருப்பதே அவனுக்குத் தெரியாது.

தொழில்நுட்பப் பட்டம் மட்டம் என்று நான் சொன்னதாக யாரும் கிளம்ப வேண்டாம். ஆலையில், உற்பத்தி வரிசையில், பராமரிப்பில் அவர்கள் கை எங்கள் கையைவிடச் சுத்தம். கணக்கைவிட இயந்திரம் பிடித்த பிள்ளைக்கு அதுதான் சரியான படிப்பு. தெரிந்து போனால் நான்கு வருஷமும் லாபம். தெரியாமல் போனவர் வேலைக்குச் சேர்ந்து, பதிவுப் பாரத்தை நிரப்பும்போது தெரிந்துகொள்கிறார். அப்படி இரண்டு பேரை எனக்குத் தெரியும். இரண்டு பேரும் கெட்டிக்காரர்கள்.

இதில் எனக்கு ஒரு எரிச்சல் உண்டு. இன்று கே.எல். சென்ட்ரல் நிற்கும் இடம் ஒரு காலத்தில் ரயில்வே யார்டு. அதைச் சுற்றித்தான் இந்த ஊரில் நம் ஆட்கள் குடியேறினார்கள். என் தாத்தா செந்தூல் பட்டறையில் வேலை பார்த்தவர், ஆறாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் எந்தப் பரீட்சை எழுதினால் எந்த கிரேடு, அந்த கிரேடுக்கு எத்தனை வெள்ளி, யார் எந்த ரயிலைத் தொடலாம் என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில் இருந்தது. தொழிலாளி தன் படிக்கட்டைத் தெரிந்து வைத்திருந்தார். பட்டதாரிகளாகிவிட்ட பிறகு நாம் அதை மறந்துவிட்டோம்.

மறக்க வைத்ததில் பெரிய பங்கு தன்முனைப்புக் கூட்டங்களுக்கு. மண்டபம் எடுப்பார்கள், பேனர் கட்டுவார்கள். பேச்சாளர் இருட்டில் அம்மா பாட்டைப் போட்டு, 'உன் அப்பாவின் செருப்பைப் பார்த்திருக்கிறாயா' என்பார். முந்நூறு பிள்ளைகள் அழுவார்கள். நீ சிங்கம், நீ எரிமலை, உன்னால் முடியும். என்ன முடியும்? அதைச் சொல்ல மாட்டார். ஒரு முறை என்னையும் 'சாதித்த பொறியியலாளர்' என்று மேடையில் ஏற்றிப் பத்து நிமிஷம் கொடுத்தார்கள். அங்கீகாரம் பெற்ற படிப்புகளின் பட்டியல் வாரியத்தின் இணையத்தளத்தில் இருக்கிறது, விண்ணப்பிக்கும் முன் பாருங்கள் என்று தொடங்கினேன். நான்காவது நிமிஷம் கீழேயிருந்து ஒரு துண்டுச்சீட்டு வந்தது: 'கொஞ்சம் எமோஷனலா பேசுங்க.' சீட்டைப் பையில் வைத்துக்கொண்டு பட்டியலைத் தொடர்ந்தேன். மறு வருஷம் கூப்பிடவில்லை.

உள்ளே போன பிறகும் இதே கதைதான். பாடத் தேர்வு நடக்கும் வாரத்தில் சீனியர்களிடம் கேட்கப்படும் ஒரே கேள்வி, "எந்த லெக்சரர் மார்க்கு தாராளம்?" மாணவர்களை ஒழுங்கில்லாதவர்கள் என்று திட்டுவது சுலபம். நான் திட்ட மாட்டேன். பி.டி.பி.டி.என். கல்விக் கடன் தலைக்கு மேல் நிற்கிறது. முதல் வகுப்பில் தேறினால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அந்தக் கடனைக் கட்ட வேண்டாம். அதற்கு சி.ஜி.பி.ஏ. 3.7 அளவில் வேண்டும். கோடு பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் சற்று மாறும். பல்லாயிரம் ரிங்கிட் இரண்டாவது தசமத்தில் தொங்கும்போது எந்த ஏழைப் பிள்ளை கஷ்டமான விருப்பப் பாடத்தை எடுக்கும்? என் வகுப்பில் மின்சக்திப் பாதுகாப்புப் பாடத்தை எடுத்தவர்கள் ஒன்பது பேர். பக்கத்து அறையில் மேலாண்மைப் பாடத்துக்கு நாற்காலி பத்தவில்லை. நேர்முகத் தேர்வில் கேட்டது முழுக்க முதல் அறையின் பாடம். மதிப்பெண் பட்டியல் அழகாக இருந்தவர்கள் அங்கே விழித்தார்கள். கடன் தள்ளுபடியைக் குறை சொல்லவில்லை. இந்தக் கணக்கை இரண்டாம் ஆண்டிலேயே உட்கார்ந்து போட்டுக் காட்ட ஓர் அண்ணனோ அக்காவோ நம் பிள்ளைக்கு இல்லை என்பதுதான் குறை. மற்றவர்களுக்கு வீட்டிலேயே ஒரு மாமா இருக்கிறார்.

தொழிற்பயிற்சி இதைவிட மோசம். அங்கீகார விதிப்படி குறைந்தது எட்டு வாரம். நான்கு வருஷத்தில் ஒரு பிள்ளை உண்மையான தொழிலைத் தொடுவது அந்த எட்டு, பத்து, பன்னிரண்டு வாரம்தான். நம் பிள்ளைகள் அதை வீட்டுப் பக்கத்தில் முடித்துக்கொள்கிறார்கள். சுங்கை சிப்புட்டில் ஏதோ ஓர் அலுவலகம், வேலை நகலெடுப்பது. சோம்பல் என்று நினைத்தால் தப்பு. கோலாலம்பூரில் நல்ல நிறுவனத்தில் இடம் கிடைத்தாலும் அறை வாடகை, முன்பணம், சாப்பாடு, ரயில் எல்லாம் கைக்காசு. பயிற்சிக்கால உதவித்தொகை சில நூறு வெள்ளி, அதுவும் எல்லா இடத்திலும் கிடையாது. என் தோழி ஒருத்தி இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து, கைக்கு வந்த இடத்தை விட்டாள்.

இந்தக் கணக்குக்கு நம்மிடம் பணம் இல்லையா? பல்கலைக்கழக இந்திய மாணவர் கழகங்களைப் பாருங்கள். ஒரு கலை இரவுக்காக ஒரு தவணை முழுக்கக் கடை கடையாக ஏறி நன்கொடை வாங்குகிறார்கள். நானும் ஏறியிருக்கிறேன். இந்தத் துன் சம்பந்தன் சாலையிலேயே துணிக்கடை, நகைக்கடை, மாலைக்கடை ஒன்று விடவில்லை. மேடை, ஒலி, ஒளி, தமிழ்நாட்டிலிருந்து ஒரு விருந்தினர். காலையில் கூட்டிப் பெருக்கினால் ஒன்றும் மிச்சமில்லை. கலை வேண்டாம் என்று இந்த இதழில் எழுதும் அளவுக்கு எனக்குப் புத்தி கெடவில்லை. மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை எண்பதுகளிலிருந்து நடத்திவரும் பேரவைக் கதைகள் போட்டியால் நமக்குக் கதைகள் மிஞ்சியிருக்கின்றன, எழுத்தாளர்கள் மிஞ்சியிருக்கிறார்கள். கலை இரவால் புகைப்படம் மிஞ்சுகிறது. அந்த நன்கொடையில் பாதியை எடுத்து வைத்தால், மூன்று மாதத்துக்கு பிரிக்பீல்ட்ஸில் நாலு அறை எடுத்து எட்டுப் பிள்ளைகளைத் தங்கவைக்கலாம். துணிக்கடைக்காரர் அதற்கும் கொடுப்பார். இதுவரை யாரும் போய்க் கேட்கவில்லை.

"மொதல்ல உள்ள போகட்டும்மா, மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். இந்த ஒரு வாக்கியத்தோடுதான் எனக்கு முழுச் சண்டையும். நான் மேலே சொன்னதில் முதல் விஷயம் உள்ளே போவதற்கு முன்னால் முடிவாகிவிடுகிறது. பன்னிரண்டு வரியை நிரப்பி அனுப்பிய அன்றே முடிந்தது. அப்புறம் பார்க்க அங்கே ஒன்றும் இருக்காது.

கிள்ளான் அப்பாவிடம் முழுவதும் சொன்னேன். இலையை மடிக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். "பள்ளிக்கூடத்துல சொல்லல, கூட்டத்துலயும் சொல்லல. ரெண்டு கூட்டத்துக்கு லீவு போட்டுக் கூட்டிட்டுப் போனேம்மா." பையன் போனில் அங்கீகாரப் பட்டியலைத் தேடிக்கொண்டிருந்தான். மேல்முறையீடு செய்யலாம் என்றேன். அதற்கு அவர்கள் தருவது சில நாள்கள்தான், அதில் பாதி போயிருந்தது. அந்தச் சனிக்கிழமை இரவு அவனுக்கும் இன்னும் நாற்பது பேருக்கும் அவர்கள் தாமானில் பாராட்டு விழா வைத்திருந்தார்கள், ஐந்து மணி கே.டி.எம்.மைப் பிடித்தாக வேண்டும் என்று கிளம்பிவிட்டார்கள்.