தெரியாது என்று சொல்வதும் விசுவாசம்தான்

ஒரு வீட்டில் எதிர்பாராத சாவு விழுந்துவிட்டால், துக்கம் கேட்க வருகிறவர்களில் ஒருவராவது காரணம் சொல்லாமல் போவதில்லை. "கர்த்தர் ஏதோ நோக்கத்தோடுதான் எடுத்துக்கொண்டார்" என்பார் ஒருவர். "மறைவான பாவம் ஏதாவது இருந்திருக்கும்" என்று வாசலைத் தாண்டியதும் கிசுகிசுப்பார் இன்னொருவர். இருவருமே தங்களை நல்ல விசுவாசிகள் என்றுதான் நினைக்கிறார்கள். ஆனால் இது விசுவாசமா, கடவுளின் மனதைப் படித்துவிட்டோம் என்ற கர்வமா?

யோபுவின் கதை பலருக்கும் தெரிந்ததுதான். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்திருந்தவரைப் பார்க்க மூன்று நண்பர்கள் வந்தார்கள். ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்! பிறகு வாயைத் திறந்தார்கள். பாவம் செய்யாமல் இப்படி நடக்குமா என்று வாதாடினார்கள். கடைசியில் கடவுளின் கோபம் யாருக்கு எதிராக மூண்டது? தமக்காக வக்காலத்து வாங்கிய அந்த நண்பர்களுக்கு எதிராகத்தான். யோபுவுக்கும்கூட, தனக்கு ஏன் இப்படி நடந்தது என்பது கடைசிவரை சொல்லப்படவில்லை.

சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்ததைப் பற்றி இயேசு பேசியதை லூக்கா 13-ஆம் அதிகாரத்தில் பார்க்கலாம். இறந்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் அல்ல என்று அவர் தெளிவாகச் சொன்னார். கேட்டவர்களைத் தங்கள் மனதைத் திருத்திக்கொள்ளச் சொன்னார். கோபுரம் ஏன் அந்த 18 பேர் மேல் விழுந்தது என்று மட்டும் அவர் விளக்கவே இல்லை.

2004 டிசம்பர் 26 சுனாமியின்போது வேளாங்கண்ணிப் பேராலயம் தப்பியது. அதை அற்புதம் என்று பலரும் சொன்னார்கள். பிழைத்தவர்கள் நன்றி சொல்வதில் தப்பே இல்லை. ஆனால் அதே கடற்கரையில் அன்று இறந்தவர்களில் பலர் அதே மாதாவைத் தேடி வந்தவர்கள்தானே? நம்மைக் கடவுள் காப்பாற்றினார் என்பது நன்றி. அவர்களைக் காப்பாற்றாததற்குக் காரணம் இதுதான் என்பது தீர்ப்பு. தீர்ப்பு சொல்லும் அதிகாரத்தை நமக்கு யார் கொடுத்தது?

அப்படியானால் கடவுளைப் பற்றி யோசிக்கவே கூடாதா என்று கேட்கலாம். தாராளமாக யோசிக்கலாம். புனித தாமஸ் அக்வினாஸ் வாழ்நாள் முழுவதும் அதைத்தான் செய்தார். ஆனால் 1273 டிசம்பரில் ஒரு திருப்பலிக்குப் பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டார். தான் எழுதியதெல்லாம் வைக்கோல் போலத் தெரிகிறது என்றார். அவருடைய மிகப் பெரிய நூல் முடிக்கப்படாமலே நின்றுபோனது. அத்தனை படித்தவருக்கே ஓரிடத்தில் நிறுத்தத் தெரிந்திருந்தது.

பிள்ளையைப் பறிகொடுத்த தாய் "ஏன்?" என்று கேட்கும்போது அவளுக்குத் தேவைப்படுவது பிரசங்கம் அல்ல. "தெரியலம்மா" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்காரும் ஒரு ஆள் போதும். கடவுளுக்குரியதைக் கடவுளிடமே விட்டுவிடுவதற்கும் விசுவாசம் வேண்டும்.