தினையும் பனையும்

ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குவது என்று ஒரு பழமொழி உண்டு. சிறியதைப் பெரிதாக்கும் நம் வழக்கத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. பிறர் குறையைத் துருவித் தேடுபவரை, 'பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்' என்கிறோம். உண்மையில் பூதக்கண்ணாடி செய்வதுதான் என்ன?

பிம்பத்தின் அளவு பொருளின் அளவைப்போல் எத்தனை மடங்கோ, அதுவே உருப்பெருக்கம் என்று பள்ளியில் படித்தோம். ஆனால் கண்ணாடியின் கீழிருக்கும் எழுத்து எள்ளளவும் வளர்வதில்லை. எந்தப் பொருளையும் கண்ணருகே கொண்டுவரக் கொண்டுவர அது பெரிதாகத் தெரியும்; சுமார் 25 சென்டிமீட்டரைத் தாண்டி நெருங்கினாலோ மங்கிவிடும். குவிலென்ஸ் அந்தத் தடையை நீக்கி, இன்னும் நெருங்கிப் பார்க்கத் துணைசெய்கிறது. 5 சென்டிமீட்டர் குவியத் தூரமுள்ள லென்ஸ் ஏறத்தாழ 5 மடங்கு பெரிதாகக் காட்டுவது இதனால்தான். மாறுவது பொருளன்று, நம் நெருக்கம். இதில் ஓர் இழப்பும் உண்டு. பெரிதாகத் தெரியத் தெரிய, ஒரே பார்வையில் அடங்கும் பரப்பு குறுகிக்கொண்டே போகும்.

அந்த இழப்பை நான் உணர்ந்தது வங்கிப் பணியில். ஓய்வூதியப் பணம் எடுக்க வந்த முதியவர் ஒருவரின் கையெழுத்து, எங்களிடமிருந்த மாதிரியோடு ஒத்துவரவில்லை. பூதக்கண்ணாடியில் பார்த்தேன். கோடுகள் அனைத்தும் தயங்கித் தயங்கி இழுத்தவைபோல் தெரிந்தன. போலிக் கையெழுத்திலும் அத்தகைய தயக்கம் இருக்கும். அவரை நெடுநேரம் காக்கவைத்தேன். கேள்விமேல் கேள்வி கேட்டேன். என் எதிரிலேயே மீண்டும் கையொப்பமிடச் சொன்னபோதுதான், பேனா பிடித்த விரல்கள் நடுங்குவதைக் கண்டேன். மாதிரிக் கையெழுத்தோ பல ஆண்டுகளுக்கு முன் இட்டது.

சரிபார்த்தது என் கடமை. ஆனால் எழுத்தின் நடுக்கத்தைப் பன்மடங்காகக் கண்ட நான், எதிரே நின்ற மனிதரை அதுவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லீங்க சார், வயசாயிடுச்சு" என்று தம்மீதே பழியைப் போட்டுக்கொண்டு போனார் அவர்.

பெரிதாக்கிப் பார்ப்பதே தவறு என்று வள்ளுவர் சொல்லவில்லை. எதைப் பெரிதாக்குவது என்பதையே வகுத்துத் தருகிறார். பிறர் செய்த உதவி தினையளவே ஆயினும், அதன் பயனை உணர்ந்தவர்கள் அதைப் பனையளவாக மதிப்பார்கள் என்பது 'செய்ந்நன்றியறிதல்' அதிகாரத்தில் அவர் கூறும் கருத்து. தம்மிடம் நேர்ந்த தினையளவு குற்றத்தையும் பழிக்கு நாணுவோர் பனையளவாகக் கருதுவார்கள் என்பது 'குற்றங்கடிதல்' அதிகாரத்தில் உள்ளது. பிறர் உதவிக்கும் நம் குற்றத்துக்கும் உரிய அந்தக் கண்ணாடியை, நாம் பிறர் குற்றத்துக்கும் நம் உதவிக்கும் அல்லவா பிடித்துக்கொண்டிருக்கிறோம்!

ஆலயத்தில் நின்று இறைவனைப் பெரியோன் என்று போற்றுகிறோம். நம் சொல்லால் அவன் பெருமை கூடுவதில்லை. கண்ணாடியின் கீழுள்ள எழுத்தைப்போல அவன் உள்ளபடியே இருக்கிறான். போற்றப் போற்ற நெருங்குவது நாம்தான்.

அடுத்தமுறை சந்நிதியில் கைகூப்பும்போது, யாரோ நமக்குச் செய்த தினையளவு நன்மை ஒன்றை நினைத்துக்கொள்வோம். எனக்கு நினைவுக்கு வருவது, நடுங்கும் கையோடு என்னை மன்னித்துச் சென்ற அந்தப் பெரியவரின் முகம்.