மேற்கோளுக்கு மதிப்பெண், வாதத்துக்கு?

ஏப்ரல் 14 நெருங்கினால் கல்லூரிகளில் கட்டுரைப் போட்டி வைப்பது வழக்கமாகிவிட்டது. நல்ல வழக்கம்தான். நவம்பர் 26 அரசியலமைப்பு நாளுக்கும் வைக்கிறார்கள். மாணவர்கள் எழுதுகிறார்கள், நடுவர்கள் திருத்துகிறார்கள், சால்வையும் சான்றிதழும் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிறோம். முதல் பரிசு எதற்காகக் கிடைத்தது என்று யாரும் கேட்பதில்லை.

அப்படி ஒரு போட்டிக்கு மூன்று நடுவர்களில் ஒருவனாகப் போயிருந்தேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். தலைப்பு: ‘இடஒதுக்கீடு வருமானத்தை வைத்துத் தரப்பட வேண்டுமா?’

ஒரு தாளில் முத்து முத்தான கையெழுத்து. தமிழ்த்தாய்க்கு வணக்கம், இரண்டு குறள், பாரதி, பாரதிதாசன் என்று முதல் பக்கம் போய்விட்டது. நடுவில் ஒரு வாக்கியம்: இடஒதுக்கீட்டைப் பத்தாண்டுகளுக்கு மட்டும்தான் கொடுத்தார்கள், பிறகு ஓட்டுக்காக நீட்டித்துக்கொண்டே போகிறார்கள். இது தவறு. பத்தாண்டுக் கெடு அரசியலமைப்பின் 334ஆவது பிரிவில் இருக்கிறது. அது மக்களவை, சட்டமன்றத் தனித்தொகுதிகளுக்கு உரியது. அதைத்தான் அடுத்தடுத்து நீட்டித்து இப்போது 2030 வரை கொண்டுவந்திருக்கிறார்கள். கல்விக்கான 15(4), வேலைக்கான 16(4) ஆகிய பிரிவுகளில் எந்தக் கெடுவும் இல்லை. டீக்கடையிலும் வாட்ஸ்அப்பிலும் அடிபடும் பேச்சு கல்லூரிக் கட்டுரைக்குள் வந்தால் சிவப்பு மை பட வேண்டாமா? மற்ற இரு நடுவர்களும் அந்தத் தாளுக்கு 50க்கு 44, 45 போட்டிருந்தார்கள்.

இன்னொரு தாள் ஒரு மாணவி எழுதியது. றகர, ரகரக் குழப்பம் வரிக்கு வரி. ஆனால் முதல் வரியிலேயே விஷயத்துக்கு வந்துவிட்டார்: வருமானத்தை வைத்துத் தரக் கூடாது, காரணம் சொல்கிறேன். அவர் தெருவில் அரசு வேலைக்குப் போன ஒரே ஒருவர், மாற்றலாகி நகரத்தில் வாடகைக்கு வீடு தேடியிருக்கிறார். கேட்ட வாடகையைக் கொடுக்கச் சம்பளம் இருந்தது. ‘எந்த ஊர், ஊருக்குள்ளேயா, காலனியா?’ என்ற கேள்வியோடு வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்திவிட்டார்கள். சாதி பிடுங்கிக்கொள்வதை வருமானச் சான்றிதழில் அளக்க முடியாது என்பது அவர் முடிவு. கருத்து இருக்கிறது, ஆதாரம் இருக்கிறது, ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும் வழியும் இருக்கிறது. கிடைத்தது 21, 23. ஓரத்தில் ஒருவர் எழுதியிருந்தார்: ‘மேற்கோள் இல்லை. சொந்தக் கதை.’

நானும் அவருக்கு முழு மதிப்பெண் போடவில்லை. வீடு மறுக்கப்படுவதற்குக் கல்லூரியில் இடம் தருவது எப்படிப் பதிலாகும் என்று எதிரணி கேட்டால், அந்தத் தாளில் பதில் இல்லை. அந்த ஊழியரின் மகனும் கூலி வேலைக்குப் போகிறவரின் மகனும் ஒரே வரிசையில் நிற்பது சரியா என்ற கேள்வியையும் அவர் தொடவில்லை. நமக்குள்ளேயே இருக்கும் கேள்வி இது. யார் முன்னே, யார் பின்னே என்ற இதே விசாரணைதான் 2009இல் அருந்ததியருக்கு 3 சதவீத உள்ஒதுக்கீடாக வந்தது. மாநிலங்கள் அப்படிப் பிரித்துத் தரலாம் என்று 2024இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இதையெல்லாம் எடுத்துப் பேசியிருந்தால் அந்தக் கட்டுரையை அசைக்க முடியாது. 50க்கு 36 போட்டேன்.

இடஒதுக்கீட்டை எதிர்த்து எழுதிய ஒரு மாணவருக்கும் 35 போட்டேன். அவர் முடிவு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் மறுதரப்பு சொல்வதைத் திரிக்காமல் எடுத்து வைத்து, அதற்குப் பிறகுதான் மறுத்திருந்தார். நமக்குப் பிடித்த பக்கம் நின்றதற்காக மதிப்பெண் போட ஆரம்பித்தால், நாளை பிடிக்காத பக்கம் நின்றதற்காக நம் பிள்ளைகளிடமிருந்து பிடுங்குவார்கள்.

அளவுகோல் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1916 மே மாதம், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், 25 வயது மாணவர் அம்பேத்கர் மானுடவியல் கருத்தரங்கு ஒன்றில் இந்தியச் சாதிகளைப் பற்றிக் கட்டுரை படித்தார். செனார், நெஸ்ஃபீல்டு, ரிஸ்லி, கேட்கர் என நால்வர் சாதிக்குச் சொன்ன இலக்கணங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் எது சரி, எது குறை என்று காட்டினார். பிறகுதான் தன் கருத்து: அகமணம்தான் சாதியின் உயிர்நாடி. அதோடு விடவில்லை. ஒரு கூட்டம் தனக்குள்ளேயே மணம் முடிப்பதென்றால், கணவனை இழந்தவளையும் மனைவியை இழந்தவனையும் என்ன செய்யும் என்று தானே கேள்வி எழுப்பி, உடன்கட்டை, கைம்மை, சிறுமியர் மணம் ஆகியவற்றின் காரணத்தை அங்கே கண்டார். தன் கருத்து தவறென்று நிரூபித்தால் கைவிடத் தயார் என்றும் முடிவில் சொன்னார். 21 ஆண்டுகள் கழித்து ‘சாதி ஒழிப்பு’ நூலின் இரண்டாம் பதிப்பில் காந்தி எழுதிய கண்டனத்தையும் சேர்த்து அச்சிட்டு, பக்கத்திலேயே பதிலும் கொடுத்தார். அவர் பிறந்தநாளில், அவரை எத்தனை அடைமொழியால் அழைத்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பரிசு கொடுக்கிறோம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பிள்ளை, பாவம் என்று ஒரு வார்த்தை திருத்தாமல் மதிப்பெண்ணை அள்ளிப் போடும் ஆசிரியர்களையும் பார்த்திருக்கிறேன். இரக்கம் போலத் தெரியும். ‘இவனுக்கு இவ்வளவுதான் வரும்’ என்ற முடிவு அதற்குள் இருக்கிறது. எழுத்துப்பிழையைத் திருத்தத்தான் வேண்டும், வேலைக்குப் போகும் இடத்தில் அது காலை வாரும். அதற்காக 5 மதிப்பெண் குறையட்டும், 25 குறைய வேண்டாம்.

பல்கலைக்கழகத் தேர்வில் விடைத்தாளுக்குப் பொய் எண் போட்டுத் திருத்தும் வழக்கம் உண்டு. போட்டிக் கட்டுரையிலும் வகுப்பில் தரும் அகமதிப்பீட்டுக் கட்டுரையிலும் பெயர், துறை, சில இடங்களில் ஊர்கூட மேலேயே இருக்கிறது. ஊர்ப் பெயரைப் பார்த்தே தெருவைச் சொல்லிவிடுகிறவர்கள் நம் மாவட்டத்தில் குறைவில்லை. பெயரை மடித்து ஒட்டி எண் போடுவதற்குச் செலவு ஒன்றும் இல்லை. காரணத்துக்கு எவ்வளவு, ஆதாரம் உண்மையா என்பதற்கு எவ்வளவு, எதிர்க்கேள்விக்குப் பதில் சொன்னதற்கு எவ்வளவு, மொழிக்கு எவ்வளவு என்று எழுதுவதற்கு முன்பே பலகையில் எழுதிப் போடலாம். தாளைத் திருப்பித் தரலாம்.

அன்று பரிசளிப்பு முடிந்ததும் அந்த மாணவி வந்து, “எங்க சார் குறைஞ்சுது?” என்று கேட்டார். தாளைத் தரும் வழக்கம் இல்லை என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். விடுபட்ட இரண்டு கேள்விகளையும் அழைப்பிதழின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.