ஆற்றுப்படுத்துவோர்க்கு யார் ஆற்றுப்படை?

உளநல ஆலோசகரை ‘ஆற்றுப்படுத்துநர்’ எனத் தமிழில் வழங்குகிறோம். அழகிய சொல். பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படைகள். பரிசில் பெற்று மீளும் பாணன், தான் நடந்து வந்த வழியை எதிர்ப்படும் பாணனுக்கு எடுத்துரைக்கிறான். நடந்தறியாத வழியை அவன் சொல்வதில்லை.

ஆனால், நடந்தால் மட்டும் போதுமா? 2016-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று 170 உளச்சிகிச்சையாளர்களின் பணியை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தது. அனுபவம் கூடக்கூடச் சிகிச்சையின் பயன் கூடவில்லை. சராசரியில் மிகச் சிறிதளவு குறைந்தே இருந்தது. ‘பழகப் பழகக் கைவந்துவிடும்’ என்ற நம்பிக்கையை இது அசைக்கிறது.

காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே என்பது என் எண்ணம். ஆலோசனை அறையின் கதவு சாத்தப்பட்டது. உள்ளே நிகழ்ந்ததைப் பயிற்சியாளர் தம் நினைவிலிருந்து சொல்ல, மேற்பார்வையாளர் கேட்கிறார். தவறிய இடம் நினைவில் நிற்பதில்லை. இதை உணர்ந்தே கார்ல் ராஜர்ஸ், ஒலிப்பதிவு செய்த முழுச் சிகிச்சை ஒன்றை 1942-இலேயே சொல்லுக்குச் சொல் அச்சிட்டார்.

நமக்கு அணுக்கமான சான்று கோவாவில் உண்டு. விக்ரம் படேல் குழுவினர், உளவியல் பட்டம் இல்லாத உள்ளூர்வாசிகளை ஆலோசகர்களாகப் பயிற்றுவித்தனர். ஒருவரது அமர்வின் ஒலிப்பதிவைச் சக ஆலோசகர்கள் கூடிக் கேட்டு மதிப்பிட்டனர். கடும் மனச்சோர்வுற்ற 495 பேரிடம் நடத்தி, 2017-இல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஆய்வில், மூன்று மாதத்தில் ஆலோசனை பெற்றோரில் 64 விழுக்காட்டினர் மீண்டனர். வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றோரில் 39 விழுக்காட்டினரே மீண்டனர்.

எங்கள் மேச்சேரிச் சந்தைக்கு ஆடு விற்க வருபவர் ‘மனச்சோர்வு’ என்று சொல்லமாட்டார். “நெஞ்சு பாரமா இருக்குதுங்க, ராத்திரியில கண்ணு மூட மாட்டேங்குது” என்பார். ஆங்கிலக் கையேட்டை மனனம் செய்த மாணவர் அந்த இடத்தில் என்ன மறுமொழி கூறினார் என்பதைத் தேர்வுத்தாள் காட்டாது, ஒலிப்பதிவு காட்டிவிடும்.

ஒருவரையொருவர் அறிந்த சிற்றூரில் அந்தரங்கம் என்னாகும் என்ற கேள்வி நியாயமானது. உரியவரின் இசைவின்றிப் பதிவு கூடாது. கேட்போர் அவ்வூரைச் சாராதவராக இருத்தல் நன்று. முதலாண்டில் மாணவர்கள் தமக்குள்ளேயே தமிழில் உரையாடிப் பதிந்து பழகலாம்.

ஆலோசனைப் படிப்புகளில் கோட்பாட்டுத் தாள் ஒன்றைக் குறைத்தேனும் இதற்கு இடமளிக்க வேண்டும். துயருற்றவர் ஒருமுறைதான் வாய்திறப்பார். அன்று சரியாகக் கேட்கப்படாவிட்டால், மறுமுறை அவர் வரமாட்டார்.