ஸ்கேனரின் சாட்சியும் ஒரு தொழிலாளியின் கூலியும்: திறந்த மடல்

தொழிலாளர் நலன் காக்கும் பொறுப்பில் உள்ள மதிப்பிற்குரிய அதிகாரி அவர்களுக்கு,

கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளில் வைஃபை அமைத்துப் பராமரிப்பது என் தொழில். இங்குள்ள ஓர் உருக்காலையில், ஒடிசாவிலிருந்து வந்த காண்ட்ராக்ட் தொழிலாளி ஒருவருக்கு நேர்ந்த அநியாயம் குறித்து உங்கள் அலுவலகத்தில் மனு கொடுத்தோம். நினைவூட்டல் அனுப்பினோம். நேரிலும் வந்து நின்றோம். 'பரிசீலனையில் உள்ளது' என்பதைத் தாண்டி ஒரு வரி வரவில்லை. அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன். ஆலையின் பெயரையும் தொழிலாளியின் பெயரையும் இங்கே தவிர்த்திருக்கிறேன். இரண்டும் உங்கள் கோப்பில் இருக்கின்றன.

சட்டம் எதையும் நான் உங்களுக்கு எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை. கூலியை எப்போது பிடிக்கலாம், எப்போது கூடாது என்பது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நடந்ததைச் சொல்கிறேன்.

அவருக்கு டிஸ்பேட்ச் யார்டில் வேலை. லாரியில் ஏற்றும் ஒவ்வொரு கம்பிக்கட்டின் பார்கோடையும் கம்பெனி கொடுத்த கை ஸ்கேனரால் படிக்க வேண்டும். ஸ்கேனர் வைஃபையில் ஓடுகிறது. அது எந்த ஆக்சஸ் பாயிண்டோடு இணைந்திருக்கிறதோ, அந்த இடத்தில்தான் ஆள் இருந்தார் என்று கணக்கிட்டு நிர்வாகம் அறிக்கை எடுக்கத் தொடங்கியது. ஒரு நைட் ஷிப்டில், டீ இடைவேளைக்குப் பிறகும் இரண்டு மணி நேரம் அவர் கேன்டீனிலேயே இருந்ததாக அறிக்கை வந்தது. அரை நாள் சம்பளம் போயிற்று. தமிழில் அச்சடித்த தாளில் கையெழுத்து வாங்கினார்கள். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஏன் என்று கேட்டதற்கு காண்ட்ராக்டர் கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டார்.

அந்த இரண்டு மணி நேரத்தில் அதே ஸ்கேனர் ஒரு லாரி லோடு முழுவதையும் படித்துப் பதிவு செய்திருக்கிறது. எடைமேடைச் சீட்டு இருக்கிறது. டெலிவரி சலான் இருக்கிறது. லாரி டிரைவரின் கையெழுத்து இருக்கிறது. இவற்றின் நகல்களை மனுவோடு இணைத்தோம். கேன்டீனில் உட்கார்ந்திருந்தவர் யார்டில் நின்ற லாரிக்கு எப்படி லோடு ஏற்றினார்? சரக்குக்குப் பணம் வாங்க அந்த ஸ்கேனரின் பதிவு செல்லும். சரக்கை ஏற்றியவருக்குக் கூலி கொடுக்க மட்டும் செல்லாதா?

'கம்ப்யூட்டர் பொய் சொல்லாது' என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் எங்களைத் திருப்பி அனுப்பினார். கம்ப்யூட்டர் சொன்னது ஸ்கேனர் எதனோடு இணைந்திருந்தது என்பதை மட்டும்தான். வைஃபையில் ஓர் ஆக்சஸ் பாயிண்டை விட்டு இன்னொன்றுக்கு எப்போது மாறுவது என்று முடிவெடுப்பது கையில் இருக்கும் கருவி. 802.11 தரநிலையின் கே, வி திருத்தங்கள் வழியாக நெட்வொர்க் அதற்கு யோசனை சொல்லலாம், கட்டாயப்படுத்த முடியாது. ஐபோன்கூட சிக்னல் மைனஸ் 70 டிபிஎம்முக்குக் கீழே இறங்கிய பிறகுதான் வேறு ஆக்சஸ் பாயிண்டைத் தேடத் தொடங்கும் என்று ஆப்பிள் நிறுவனமே எழுதி வைத்திருக்கிறது. அதுவரை பழைய இணைப்பையே பிடித்துக்கொண்டிருக்கும், ஆள் நூறடி தள்ளிப் போயிருந்தாலும்.

அந்த யார்டு எனக்குத் தெரியும். கேன்டீனின் வெளிச்சுவரில், யார்டைப் பார்த்தபடி ஓர் ஆக்சஸ் பாயிண்ட் இருக்கிறது. மாட்டியவன் நான். லோடிங் நடக்கும்போது ஸ்கேனர் இணைப்பு அறுந்துவிடக் கூடாது என்பதற்காகவே அதை அங்கே மாட்டினோம். டிஸ்பேட்ச் ஷெட்டில் உள்ள இன்னொன்றை அடுக்கி வைத்த கம்பிக்கட்டுகள் மறைக்கின்றன. இரும்பு ரேடியோ அலையைத் தடுக்கும், திருப்பியடிக்கும். லாரிக்குப் பக்கத்தில் நிற்கும் ஸ்கேனருக்கு கேன்டீன் சுவர்தான் நன்றாக எட்டும். வேலை தடைபடாமல் நடக்க வைத்த கருவியை, வேலை செய்தவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல வைத்திருக்கிறார்கள். இதை விளக்கி நான் எழுதிக் கொடுத்த இரண்டு பக்கமும் உங்களிடம்தான் இருக்கிறது. ஒருவராவது படித்தீர்களா?

இது எங்கள் ஊரோடு நிற்கும் விஷயமும் அல்ல. 2020-ல் சண்டிகரில் தூய்மைப் பணியாளர்களின் கையில் ஜிபிஎஸ் கடிகாரம் கட்டினார்கள். அதை எதிர்த்துப் பணியாளர்கள் தெருவில் இறங்கிப் போராட வேண்டியிருந்தது. அவர்களுக்குச் சங்கம் இருந்தது. ஆலைக்குப் பின்னால் தகரக் கூரை அறையில் தங்கி, ஷிப்ட் மாற்றிப் படுத்தெழும் காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு யார் இருக்கிறார்கள்? கும்மிடிப்பூண்டியிலிருந்து மாவட்டத் தலைநகரான திருவள்ளூருக்கு ரயிலில் போக வேண்டுமானால் சென்னைக்கு வந்து வண்டி மாற வேண்டும். மனு கொடுக்கப் போனால் அன்றைய கூலியும் போகும். அதையும் இழந்துதான் அவர் உங்கள் வாசலில் வந்து நின்றார். உட்காரச் சொல்லக்கூட ஆளில்லை.

ஆலையிலிருந்து இரண்டு பதிவுகளையும் வரவழையுங்கள். ஸ்கேனர் படித்த பட்டியலையும் இட அறிக்கையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதற்கு நிபுணர் குழு வேண்டாம், நேரத்தைப் படிக்கத் தெரிந்தால் போதும். பிடித்த கூலியையும் பறித்த கேட் பாஸையும் வாங்கிக் கொடுங்கள். வைஃபை காட்டும் இடத்தை மட்டும் வைத்து எந்த ஆலையிலும் ஒரு ரூபாய்கூடப் பிடிக்கக் கூடாது என்று எழுத்தில் உத்தரவு போடுங்கள். அறிக்கை எடுத்தே ஆக வேண்டும் என்றால், அதை நிர்வாகம் தொழிலாளிக்கு அவருடைய மொழியில் காட்டி, அவர் சொல்வதையும் கேட்கட்டும்.

உங்களுக்கு இது அரை நாள் சம்பளம். அவருக்கு, செய்த வேலையைச் செய்யவில்லை என்று ஊர்பேர் தெரியாத ஒரு தாள் சொன்ன அவமானம். வேலையில்லாமல் இங்கே அவரால் இன்னும் எவ்வளவு நாள் தாக்குப்பிடிக்க முடியும்? அவர் ஒடிசாவுக்கு ரயிலேறிய பிறகு உங்கள் பதில் வந்தால், அது எங்களுக்குத் தேவையில்லை. இப்போதே கோப்பைத் திறங்கள்.

இப்படிக்கு,
கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒரு வைஃபை டெக்னீஷியன்