கேட் போட்டா டிராஃபிக் குறைஞ்சிடுமா?

ஜி.எஸ்.டி. ரோடுன்னு எழுதினா, 2017-க்கு அப்புறம் எல்லாரும் வரி சமாச்சாரம்னு நினைச்சுக்கறாங்க. அதனால முதல்லயே சொல்லிடறேன், இது கிராண்ட் சதர்ன் ட்ரங்க் ரோடு. தாம்பரம் தாண்டி பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர்னு போகுமே, அதேதான். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் டிவியில மேல இருந்து படம் பிடிச்சு, செவப்பு லைட்டும் வெள்ளை லைட்டுமா ரெண்டு ஆறு ஓடற மாதிரி காட்டுவாங்க இல்லையா? அதைப் பாத்து "அய்யோ பாவம்"னு உச்சுக் கொட்டற உங்களுக்கு அது வருஷத்துக்கு ரெண்டு தடவை. இங்க குடியிருக்கற எங்களுக்கு அது தினமும் காலைல எட்டரை மணி.

இப்ப பதிவு எதுக்குன்னா, எங்க நகர் நலச் சங்கத்துல ரெண்டு தீர்மானம் போடப் போறாங்க. (சங்கத்தோட பேரு, நகர் பேரு எல்லாம் வேண்டாம். நாளைக்கு நான் பால் வாங்கப் போகணும்.) முதல் தீர்மானம், எங்க மெயின் ரோட்டுல வரப்போற 400 வீட்டு அடுக்குமாடிக்கு அனுமதி குடுக்கக் கூடாதுன்னு மனு. ரெண்டாவது, பக்கத்து லேஅவுட்ல இருந்து எங்க தெரு வழியா குறுக்கால வர்ற வண்டிகளைத் தடுக்க கேட் போடறது. ராத்திரி மட்டும்னு ஆரம்பிச்சு, இப்ப காலைல 8-ல இருந்து 10 வரைக்கும்னு வந்து நிக்குது.

நான் ரெண்டுக்கும் எதிர்ப்பு. அதுக்காக "நீ பில்டர் ஆளா?"ன்னு ஒருத்தர் கேட்டுட்டார். நான் ஈஎம்ஐ கட்டற ஆள் சாமி.

பயம் நியாயமானதுதான், அதை நான் மறுக்கவே இல்லை. கணக்கு போட்டுப் பாருங்க. 400 வீடு. பாதி வீட்டுல கார் இருந்தா 200 கார். நெரிசல்ல ஒரு காருக்கு இடைவெளியோட சேர்த்து 6 மீட்டர்னு வெச்சா, வரிசையா நிறுத்தினா 1,200 மீட்டர். எங்க நகர்ல இருந்து ஜி.எஸ்.டி. ரோடு ஒன்றரை கிலோமீட்டர். அதாவது புதுசா வர்றவங்க எல்லாரும் ஒரே நேரத்துல ஆபீஸ் கிளம்பினா, ரோட்டை அவங்களே அடைச்சுடுவாங்க. நாங்க மொட்டை மாடியில இருந்து வேடிக்கை பாக்கலாம். இதுல டூ வீலர், ஸ்கூல் வேன், தண்ணி லாரி எதையும் நான் சேர்க்கலை. தண்ணி லாரியை மட்டும் தனியா ஒரு பதிவா எழுதணும்.

இவ்வளவு பெரிய கட்டடத்துக்கு இந்த ரோட்டுல எப்படி அனுமதின்னு கேப்பீங்க. விதிப்படிதான். 2019-ல வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்ல சாதாரண கட்டடத்துக்கு தளப்பரப்பு குறியீடு 2. அதாவது ஒரு கிரவுண்டு, 2,400 சதுர அடி மனையில 4,800 சதுர அடி வரைக்கும் கட்டலாம். அதுக்கு மேல காசு கட்டினா கூடுதலாவும் கிடைக்கும். முன்னாடி இருக்கற ரோடு 9 மீட்டர்னா 30 சதவீதம், 12 மீட்டர்னா 40, 18 மீட்டரும் அதுக்கு மேலயும்னா 50 சதவீதம்னு அந்த விதியில வெச்சாங்க. பிரீமியம் எஃப்எஸ்ஐன்னு விளம்பரத்துல கூட பெருமையா போடறாங்க.

சூட்சுமம் எங்க இருக்குன்னா, விதி அளந்து பாக்கறது மனைக்கு முன்னாடி இருக்கற ரோட்டை. எங்க ஊர்ல அந்த மனைக்கு முன்னாடி ரோடு 40 அடி. அருமையான ரோடு, கிரிக்கெட் ஆடலாம். ஆனா அதே ரோடு அங்கிருந்து கொஞ்ச தூரம் போய் பழைய ஊருக்குள்ள நுழையறப்போ, கோயில் மதிலுக்கும் டீக்கடைக்கும் நடுவுல 18 அடிதான். ரெண்டு காரு எதிரெதிரா வந்தா ஒரு காரு பெருமாளை சேவிச்சுட்டுத்தான் பின்னாடி போகணும். ஃபைல்ல அந்த 40 அடிதான் இருக்கும். இந்த 18 அடி நம்ம தலையெழுத்துல இருக்கும்.

சரி, அப்புறம் ஏன் அந்த மனுவுல கையெழுத்து போட மாட்டேங்கறேன்?

மனுவோட முதல் வரி, "அமைதியான எங்கள் பகுதியில்" அப்படின்னு ஆரம்பிக்குது. இந்தப் பகுதி எப்படி வந்துச்சு? நான் மனை வாங்கினது 2006-ல. எனக்கு முன்னாடி வந்தவங்களே ஒரு இருபது வீடுதான். அதுக்கு முன்னாடி இது நெல்லு விளைஞ்ச நிலம். பழைய ஊர்ல ஒரு ஆயா இட்லிக் கடை வெச்சிருக்கு. சங்கத்துல அடுக்குமாடிக்கு எதிரா கையெழுத்து வாங்கறாங்கன்னு சொன்னதும் அது சிரிச்சுது. "நீங்க வந்தப்போ நாங்க யார்கிட்டப்பா கையெழுத்து வாங்கறது? எங்க மாடு மேய்ஞ்ச எடத்துலதான் நீ ஸ்கூட்டர் நிறுத்துற"ன்னு கேட்டுது. பதில் இருந்தா நீங்க சொல்லுங்க.

அதோட, 400 வீடு இங்க வரலைன்னா அந்த 400 குடும்பம் காத்துல கரைஞ்சிடாது. இன்னும் தள்ளிப் போகும். சிங்கப்பெருமாள் கோயில், செங்கல்பட்டுன்னு போயி, அங்கிருந்து அதே ஜி.எஸ்.டி. ரோட்டுல நம்ம வாசலைத் தாண்டித்தான் ஆபீசுக்கு வரும். நமக்கு வண்டி குறையாது, அவங்களுக்கு தூரம் கூடும், அவ்வளவுதான். தாம்பரத்துக்கு உள்ள வீடு வாங்க முடியாதவன்தான் இந்தப் பக்கம் வர்றான். நானும் அப்படி வந்தவன்தான்.

இப்ப அந்த கேட்டுக்கு வர்றேன். என் கோவமெல்லாம் அதுமேலதான்.

லேஅவுட் அனுமதி வாங்கறப்போ உள்ள இருக்கற ரோடுகளை தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்கு ஒப்படைச்சாத்தான் அனுமதியே கிடைக்கும். பெரிய லேஅவுட்டா இருந்தா, அதாவது 10,000 சதுர மீட்டருக்கு மேல போனா, ரோடு போக மிச்சத்துல 10 சதவீதம் பூங்கா, விளையாட்டுத் திடலுக்குன்னு அதையும் எழுதிக் குடுக்கணும். ஆக, எங்க வீட்டு முன்னாடி இருக்கற தெரு என்னோடது இல்லை, சங்கத்தோடதும் இல்லை. பொதுத் தெரு. அதுல பூட்டு போட நமக்கு உரிமையே கிடையாது. "செக்யூரிட்டிக்காக"ன்னு சொன்னா மட்டும் உரிமை வந்துடாது.

சட்டத்தை விடுங்க. நடைமுறையில யோசிங்க. இந்தப் பக்கத்து ஊர்களோட வரைபடத்தை போன்ல திறந்து ஒரு தடவை பாருங்க. ஒவ்வொரு லேஅவுட்டும் ஒரு சீப்பு மாதிரி இருக்கும். உள்ள வரிசையா பல்லு, எல்லாம் ஒரே தண்டுல போய் சேரும், அந்தத் தண்டு பஞ்சாயத்து ரோட்டுல சேரும். பக்கத்து லேஅவுட் இன்னொரு சீப்பு. ரெண்டு சீப்புக்கும் நடுவுல ஒரு முள்வேலி, இல்லைன்னா ஒரு சுவரு. மனை போட்டவர் அவர் நிலத்துக்குள்ள ரோடு போட்டார். அடுத்தவர் அவர் நிலத்துக்குள்ள போட்டார். ரெண்டையும் இணைக்கறது யாரோட வேலை? யாருக்கும் இல்லை. அதனால பக்கத்துத் தெருவுல இருக்கற மளிகைக் கடைக்குப் போகவும் மெயின் ரோட்டுக்கு வந்து சுத்தித்தான் போகணும். ஊர்ல இருக்கற மொத்த வண்டியும் அந்த 18 அடி சந்துல போய் மாட்டுறதுக்கு அடுக்குமாடி மட்டும் காரணம் இல்லீங்க. இந்த சீப்புங்கதான்.

மாஸ்டர் பிளான்ல இணைப்புச் சாலை எல்லாம் கோடு போட்டு வெச்சிருப்பாங்க. ஆனா 1971-ஆம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டத்துல 38-வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. திட்டத்துல ஒதுக்கின நிலத்தை மூணு வருஷத்துக்குள்ள கையகப்படுத்த நடவடிக்கை எடுக்கலைன்னா, ஒதுக்கீட்டுல இருந்து விடுவிச்சதா அர்த்தம். நிலத்துக்காரரை காலம் பூரா தொங்கல்ல விடக்கூடாதுன்னு நல்ல எண்ணத்துல வெச்சதுதான். ஆனா நம்ம ஆபீஸ்கள்ல மூணு வருஷங்கறது ஃபைல் ஒரு மேசையில இருந்து அடுத்த மேசைக்குப் போற நேரம். கோடு காகிதத்துல இருக்கும், நிலத்துல வீடு வந்திருக்கும்.

அனுமதியில்லாத மனைகள் கதை இதுக்கு மேல. 2016 செப்டம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம் அந்த மனைகளைப் பத்திரப்பதிவு பண்ணக் கூடாதுன்னு தடை போட்டுச்சு. அப்ப இங்க பாதிப் பேருக்கு தூக்கம் போச்சு. 2017-ல வரன்முறைப்படுத்தற விதி வந்து, கட்டணம் கட்டினா சரின்னு ஆச்சு. மனை சரியாச்சு. ரோடு? கட்டணம் கட்டினதால 16 அடித் தெரு 30 அடியா விரிஞ்சதா எனக்குத் தெரிஞ்சு எங்கயும் இல்லை.

இந்த நிலைமையில, இருக்கற ஒண்ணு ரெண்டு குறுக்கு வழியையும் நாம கேட் போட்டு மூடினா என்ன ஆகும்? பக்கத்து நகர்க்காரன் சும்மா இருப்பானா? அவனும் போடுவான். எங்க நகர்ப் பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போறது அவங்க தெரு வழியாத்தான். இதை சங்கத்துல சொன்னா, "அவங்களுக்கு அவ்வளவு தைரியம் வராது சார்"னு சொல்றாங்க. ஏன் வராது? கேட் செய்யற வெல்டிங் கடை ரெண்டு நகருக்கும் ஒண்ணுதான் :-)

வீடு முதல்ல, வசதி அப்புறம்கறது பில்டருங்களோட வியாதி மட்டும் இல்லை. கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தையே எடுத்துக்கோங்க. 80 ஏக்கருக்கு மேல, சுமார் 394 கோடி ரூபா செலவு. 2023 டிசம்பர் 30-ஆம் தேதி திறந்தாங்க. உள்ள போனா விமான நிலையம் மாதிரிதான் இருக்கு, நல்லா கட்டியிருக்காங்க, குறை சொல்ல மாட்டேன். ஆனா திறந்த அன்னிக்கு அங்க ரயில்வே ஸ்டேஷன் கிடையாது. தண்டவாளம் எதிர்லயே ஓடுது, அப்ப ரயில் கண்ணு முன்னாடி போச்சு, நிக்கலை. தெக்கத்தி பஸ்ல ராத்திரி பூரா உக்காந்து வந்த ஜனம், மூட்டையைத் தூக்கிட்டு மாநகர பஸ்ஸையும் ஆட்டோவையும் தேட வேண்டியிருந்துச்சு. 2019-ல அடிக்கல் நாட்டினப்பவே தெரியாதா, பஸ்ல வந்து எறங்கறவங்க அப்புறம் எங்கயாவது போவாங்கன்னு?

தண்ணி விஷயமும் இதே மாதிரிதான். சுருக்கமா சொல்லிடறேன். 2015 டிசம்பர் 1, 2 தேதிகள்ல தாம்பரத்துல ஒரே நாள்ல 49 செ.மீ. மழை. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் படகு வந்துச்சு, எல்லாரும் பாத்தீங்க. அடையாறு ஆரம்பிக்கறதே எங்க பக்கத்து ஆதனூர் ஏரிக்கிட்ட இருந்துதான். ஏரிக்கு ஏரி வாய்க்கால் இருந்த ஊரு இது. லேஅவுட்டுக்கு லேஅவுட் ரோடு இணையாத மாதிரியே மழைநீர் வடிகாலும் இணையாது. அவங்கவங்க எல்லையில கால்வாய் முடிஞ்சு நிக்கும். தண்ணிக்கு லேஅவுட் எல்லை தெரியாதே, பாவம்.

அப்ப என்னதான் செய்யணும்கறேன்னு கேளுங்க. அடுக்குமாடி வேண்டாம்னு மனு குடுத்தா, ஃபைல் விதிப்படி சரியா இருக்கறப்போ அது குப்பைக்குத்தான் போகும். அதுக்குப் பதிலா கேக்க வேண்டியதைக் கேக்கணும். இந்த மாதிரி கட்டடத்துக்கெல்லாம் உட்கட்டமைப்பு, அடிப்படை வசதிக் கட்டணம்னு சதுர மீட்டர் கணக்குல வாங்கறாங்க. இந்த ரோட்டுல இதுவரைக்கும் வந்த கட்டடங்கள்கிட்ட எவ்வளவு வாங்கினாங்க, அதுல எங்க ரோட்டுக்கு எவ்வளவு வந்துச்சு? தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல பத்து ரூபாதான் செலவு. தானப் பத்திரத்துல எழுதிக் குடுத்த ரோடு, பூங்கா எல்லாத்தோட நகலையும் வாங்கலாம். வாங்கி வெச்சுக்கிட்டு தெருவுல நடந்து பாத்தா, எந்த முள்வேலி உண்மையில பொது ரோட்டுல நிக்குதுன்னு தெரிஞ்சிடும். எனக்குத் தெரிஞ்சே எங்க நகருக்கும் பக்கத்து நகருக்கும் நடுவுல அப்படி ரெண்டு இடம் இருக்குன்னு சந்தேகம். அந்த ரெண்டும் திறந்தா கோயில் சந்துக்குப் போகாமலே ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு இன்னொரு வழி கிடைக்கும். கேட் போடற காசுல அங்க ரெண்டு லோடு கிராவல் அடிக்கலாம்.

பில்டர்கிட்டயும் கேக்க ஒண்ணு இருக்கு. அவர் மனையோட பின்பக்கம் அடுத்த பஞ்சாயத்து ரோட்டைத் தொடுது. பின்னாடி ஒரு வாசல் வெச்சு பாதி வண்டியை அந்தப் பக்கம் விடச் சொல்லலாம். விளம்பரப் பலகையில மட்டும் "ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து 5 நிமிடம்"னு போட்டிருக்கார். எந்த 5 நிமிஷம்னு தெரியலை. விடியக்காலை மூணரை மணியா இருக்கும்.

பஸ் விஷயம் எழுதினா பதிவு நீண்டுடும். ஒரு மினி பஸ் ஸ்டேஷனுக்கு இருபது நிமிஷத்துக்கு ஒருதடவை போனா எங்க தெருவுல பாதி டூ வீலர் வீட்டுலயே நிக்கும், அவ்வளவுதான் இப்போதைக்கு.

ஞாயித்துக்கிழமை கூட்டம். தகவல் உரிமை மனுவை எழுதி வெச்சிருக்கேன், என் பேருலயே அனுப்பிடுவேன். பக்கத்து நகர் சங்கச் செயலாளரையும் கூட்டத்துக்கு வரச் சொல்லியிருக்கேன். இது எங்க தலைவருக்கு இன்னும் தெரியாது. உங்க ஊர்ல இந்த மாதிரி ரெண்டு லேஅவுட்டை இணைச்சு வழி திறந்த அனுபவம் யாருக்காவது இருந்தா, அதுக்குள்ள பின்னூட்டத்துல சொல்லுங்க. எந்த ஆபீசுக்கு முதல்ல போனீங்க, எத்தனை நாள் ஆச்சுன்னு தெரிஞ்சா உபயோகமா இருக்கும்.